வைத்திய மகாநாடா? வர்த்தக மகாநாடா?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களில் திருவிழா நடப்பதைப் பார்த்தவர்கள், நம் ஜனங்களுக்குக் கூட்டம் கூட்டத் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகின்றார்கள். நோட்டீஸ் அச்சடிக்கின்றார்கள். கொட்டகை, மேளம், வாணவேடிக்கை, தேர் வடம், யாருக்கு முதல் மரியாதை, எந்தத் தெருவில் தேர் போகும், எந்தத் தெருவில் போகாது என்பது வரையில் நாட்கணக்காகப் பேசி முடிவு செய்கின்றார்கள். ஆனால் கூடப்போகும் அத்தனை பேரும் எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள், எங்கே மலஜலம் கழிப்பார்கள் என்கின்ற கேள்வி மாத்திரம் கடைசியில்தான் வரும். வராமல் போனாலும் போகும். முற்காலத்தில் இதன் பலன் கைமேல் கிடைத்தது. திருவிழா முடிந்து ஜனங்கள் ஊர் திரும்பியதும் வீட்டுக்கு வீடு வாந்திபேதி கண்டது. உடனே, "ஆத்தாளுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம்" என்று மறுபடியும் ஒரு வரி போட்டார்கள். மறுபடியும் ஒரு கிடாவை வெட்டினார்கள். கெட்டது குளத்துத் தண்ணீர், தண்டனை கிடாவுக்கு!

இதை எடுத்துச் சொன்னால் படித்த நண்பர்கள் சிலர், "அது பாமரர் காரியம். மேல்நாட்டாரைப் பாருங்கள். இதே வாந்திபேதிக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தேசம் தேசமாக அழைப்பு அனுப்பிச் சர்வதேச வைத்திய மகாநாடு கூட்டினார்கள்" என்கின்றார்கள். கூட்டினார்கள் என்பது வாஸ்தவந்தான். ஆனால் எப்படிக் கூட்டினார்கள்? யாரை உள்ளே விட்டார்கள்? யாரை வெளியே நிறுத்தினார்கள்? முடிவில் யாருடைய நன்மைக்காகத் தீர்மானம் போட்டார்கள்? இவைகளை விசாரிக்காமல், மேல்நாட்டான் செய்தான் என்பதற்காகவே கும்பிடுவது, ரிஷி சொன்னான் என்பதற்காகக் கும்பிடுவதைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல. ஆகவே சற்று விசாரிப்போம்.

வங்காளத்தில் 1817-ம் வருஷம் கிளம்பிய காலரா பதினைந்து வருஷத்திற்குள் ஐரோப்பாவின் தலைநகரங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் நாட்டுக் குடிசையில் இருந்தவரையில் அது விதியாக இருந்தது. பாரிஸ் பட்டணத்துக்குள் நுழைந்த பிறகுதான் அது பிரச்சினையாயிற்று. வெளியூர்க் கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திவைக்கும் குவாரண்டைன் என்னும் காவல் ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. ஒரு துறைமுகத்தில் ஐந்து நாள், மற்றொன்றில் இருபது நாள் என்று கப்பல் காத்துக் கிடந்தால் சரக்கு என்னாவது? வட்டி என்னாவது? இந்தக் கவலையின் பேரில்தான் 1851 ஜூலையில் பாரிஸில் முதல் மகாநாடு கூடிற்று. பன்னிரண்டு ராஜ்யங்கள் வந்தன. ராஜ்யத்துக்கு இரண்டு பேர்: ஒருவர் டாக்டர், மற்றொருவர் ராஜதந்திரி. நாடியைப் பிடிக்க ஒருவர், பணப்பெட்டியைப் பிடிக்க ஒருவர் என்று வைத்துக் கொள்ளலாம். இருவருக்கும் தனித்தனி ஓட்டு. ஆகவே ஒரே ராஜ்யத்தின் டாக்டர் ஒரு பக்கமும் ராஜதந்திரி எதிர்ப்பக்கமும் கை தூக்கலாம்.

ஆறு மாதம் பேசினார்கள். காலரா தொற்றுவதா, தொற்றாததா, கெட்ட காற்றினால் வருவதா, மண்ணிலிருந்து கிளம்புவதா என்பதிலேயே டாக்டர்களுக்குள் சண்டை. முடிவில் ஒரு பெரிய ஒப்பந்தம் எழுதினார்கள். அதை ஒப்புக்கொண்டு நடத்த முன்வந்த ராஜ்யங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலரா குடிதண்ணீர் வழியாகப் பரவுகின்றது என்று லண்டனில் ஜான் ஸ்நோ என்னும் டாக்டர் 1849-லேயே அச்சிட்டுச் சொல்லியிருந்தார். 1854-ல் லண்டன் பிராட் தெருவில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, செத்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, கிட்டத்தட்ட அத்தனையும் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே இருப்பதைக் காட்டி, அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றவும் செய்தார். அதே 1854-ல் இத்தாலியில் பிலிப்போ பசினி என்பவர் செத்தவர்களின் குடலில் அந்தக் கிருமியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதிவைத்தார். உண்மை இப்படித் தெருவில் நின்று கூவிக்கொண்டிருந்தது. மகாநாடோ கதவைச் சாத்திக்கொண்டு கப்பலைப்பற்றிப் பேசிற்று.

அடுத்த மகாநாடு 1859-ல் அதே பாரிஸில் கூடியபோது செய்த விசித்திரத்தைக் கேளுங்கள். டாக்டர்கள் இருந்தால் தர்க்கம் வளர்கின்றது என்று டாக்டர்களையே அழைக்காமல் ராஜதந்திரிகள் மாத்திரம் கூடினார்கள்! பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லாமல் கலியாணம் நடத்துவதைப்போல, நோயைப்பற்றிய மகாநாட்டுக்கு வைத்தியனே வேண்டாம் என்றார்கள். அதுவும் உருப்படவில்லை.

மூன்றாவது மகாநாடு 1866-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிற்று. முந்திய வருஷம் மெக்கா யாத்திரையில் காலரா புகுந்து, அங்கிருந்து எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் பரவியதுதான் அதற்குக் காரணம். ஆசியக் காலராவின் இருப்பிடம் இந்தியா. அதிலும் கங்கை கடலில் கலக்கும் வங்காளப் பிரதேசம். அதை ஊருக்கு ஊர் கொண்டுபோவது மனிதனே. யாத்திரைக் கூட்டங்களே அதற்குப் பெரிய வாகனம் என்பதாக அந்த மகாநாடு முடிவு செய்தது. மறுவருஷமே, 1867-ல், ஹரித்வாரம் கும்பமேளாவில் கங்கையில் முழுகிய லட்சக்கணக்கான ஜனங்கள் ஊர் திரும்பும்போது வழிநெடுகக் காலராவை விதைத்துக்கொண்டு போனார்கள். பாவத்தைக் கழுவப் போனவர்கள் பேதியைக் கொண்டுவந்தார்கள்.

இந்த இடத்தில் அரியலூர்க்காரர்கள் சற்று நிற்கவேண்டும். கங்கைக்கும் நமக்கும் உள்ள உறவு வேறு எந்த ஊருக்கும் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன் ராஜேந்திர சோழன் வடக்கே படையனுப்பிக் கங்கை நீரைக் கொண்டுவரச் செய்து, ஜயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் சோழகங்கம் என்னும் ஏரியை வெட்டி, கங்கைகொண்ட சோழபுரம் என்று தலைநகருக்கே பேர் வைத்தான். 2025 ஜூலையில் அங்கே நடந்த விழாவிலும் கங்கை நீர் கொண்டுவந்து பூஜை நடத்தினார்கள். அந்த ஏரியினால் நிலம் விளைந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஏரியை உண்டாக்கியது மண்வெட்டியும் கூடையும் பேர் தெரியாத பாட்டாளிகளின் முதுகுமே தவிர, குடத்தில் வந்த கங்கையல்ல. நீரில் புண்ணிய நீர் என்றும் பாவ நீர் என்றும் இரண்டு கிடையாது. சுத்த நீர், அசுத்த நீர் என்ற இரண்டுதான் உண்டு. இதைக் கண்டுகொள்ள வேதம் படிக்க வேண்டியதில்லை. ஒரு பூதக்கண்ணாடி போதும்.

நிற்க. கான்ஸ்டாண்டிநோபிளில் இந்தியாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியபோது, இந்தியாவின் சார்பாகப் பேசியவர்கள் யார்? நம்மை ஆண்ட வெள்ளைக்காரர்கள். கங்கைக் கரையில் குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கோ, ஊரில் பிணம் தூக்கிய தொழிலாளிக்கோ அங்கே ஒரு நாற்காலி இல்லை. நோய் நம்முடையது, சாவு நம்முடையது, மகாநாடு அவர்களுடையது!

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் வேடிக்கை இன்னும் வளர்ந்தது. அந்தக் கால்வாயில் போன கப்பல்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் கப்பல்கள். இந்தியாவிலிருந்து வரும் கப்பலைக் காவலில் வைக்கவேண்டும் என்று மற்ற ராஜ்யங்கள் சொன்னபோதெல்லாம் இங்கிலாந்து ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபத்தில் ஒரு நியாயம் இருந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. "கப்பலை நிறுத்துவதால் காலரா நிற்காது, நல்ல தண்ணீரும் நல்ல சாக்கடையுமே மருந்து" என்பது அவர்கள் கட்சி. லண்டனில் அப்படியே செய்தும் காட்டினார்கள். 1858-ல் தேம்ஸ் நதியின் நாற்றம் பார்லிமெண்டுக்குள் நுழைந்தவுடன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பணம் ஒதுக்கி, பட்டணம் முழுதும் பாதாளச் சாக்கடை கட்டினார்கள். சரி; அந்த மருந்தை இந்தியாவுக்கும் கொடுத்தார்களா என்று கேட்கின்றோம். சென்னை ராஜதானியில் பஞ்சமும் காலராவும் கைகோத்துக்கொண்டு வந்த 1877-ம் வருஷத்தில் காலராவினால் மாத்திரம் செத்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். லண்டனுக்குச் சாக்கடை, நமக்கு ரிப்போர்ட்டு. கப்பலையும் நிறுத்தாதே, குளத்தையும் சுத்தம் செய்யாதே என்றால் அதற்குப் பேர் வைத்தியமா, வர்த்தகமா?

இந்த யோக்கியதை பணப்பெட்டிக்காரர்களுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. வித்வான்களின் யோக்கியதையையும் பாருங்கள். 1881 ஆகஸ்டில் லண்டனில் சர்வதேச வைத்திய காங்கிரஸ் கூடிற்று. இது ராஜ்யங்கள் கூட்டியதல்ல, டாக்டர்களே கூட்டியது. சர் ஜேம்ஸ் பேஜட் தலைவர். மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். பாஸ்டியர் வந்தார், காக் வந்தார், லிஸ்டர் வந்தார், விர்ச்சோ வந்தார். கிருமிகளைத் தனியே பிரித்துத் தட்டில் வளர்க்கும் முறையைக் காக் அங்கே செய்து காட்டினார். உலகத்து அறிவெல்லாம் ஒரு பட்டணத்தில் கூடிய அந்த ஏழு நாளில் ஒரே ஒரு ஜாதியாருக்குக் கதவு சாத்தப்பட்டது. அந்த ஜாதி, பெண் ஜாதி! டாக்டர் பரீக்ஷையில் தேறிப் பட்டம் பெற்ற பெண்களுக்குங்கூட இடமில்லை என்று தீர்மானித்தார்கள்.

இதற்கு ஆறு வருஷத்துக்கு முன்பே, 1875-ல், நம் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. அப்படிச் சேர்ந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லிப் 1878-ல் தேறி, பிறகு லண்டனிலும் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-ல் சென்னையில் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். நல்ல காரியம். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கு வைத்த பேர் என்ன? விக்டோரியா ஜாதி-கோஷா ஆஸ்பத்திரி! மேல்ஜாதிப் பெண்களும் கோஷாப் பெண்களும் தீட்டுப்படாமல் வந்து பிரசவித்துப் போவதற்காக இந்தப் பேர். லண்டனில் பெண் என்பதற்காகக் கதவு சாத்தினான். இங்கே கதவைத் திறந்தபோதே அதன்மேல் ஜாதியை எழுதிவைத்தார்கள். கத்திரிக்கோல் கொண்டு தொப்புள் கொடியை அறுக்கத் தெரிந்தவர்களுக்கு ஜாதிக் கொடியை அறுக்கத் துணிவில்லை. இன்று அது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. ஆனாலும் பேச்சு வழக்கில் கோஷா ஆஸ்பத்திரி என்ற பேர் இன்னும் போகவில்லை.

இனி காக்கின் கதைக்கு வருவோம். 1883 டிசம்பரில் அவர் கல்கத்தாவுக்கே வந்தார். செத்தவர்களின் குடலைச் சோதித்தார். அதோடு நில்லாமல் ஜனங்கள் குளித்து, துவைத்து, அதையே குடித்துவந்த ஒரு குளத்தின் தண்ணீரிலும் அதே கிருமியைக் கண்டுபிடித்து 1884-ல் உலகத்துக்கு அறிவித்தார். உடனே என்ன செய்திருக்கவேண்டும்? குளத்தைச் சுத்தம் செய்திருக்கவேண்டும். என்ன செய்தார்கள்? கிளைன், கிப்ஸ் என்னும் இரண்டு பேரை இந்தியாவுக்கு அனுப்பி, காக் சொன்னது ருஜுவாகவில்லை என்று எழுதி வாங்கினார்கள். 1885-ல் ரோமாபுரியில் மகாநாடு கூடியபோது காக் நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். காலராவின் காரணம் என்ன என்கின்ற தர்க்கமே இங்கே வேண்டாம் என்று பிரிட்டிஷ் பிரதிநிதிகள் பிடிவாதம் செய்து அதில் வெற்றியும் பெற்றார்கள். கொலை விசாரணை நடக்கின்றது. கொலைகாரனைப் பிடித்தவன் சபையிலேயே உட்கார்ந்திருக்கின்றான். ஆனால் கொன்றது யார் என்று மாத்திரம் ஒருவரும் கேட்கக்கூடாது! "சாஸ்திரத்தை ஆராயக்கூடாது" என்று நம் வைதிகர்கள் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர்களுக்குத் தட்சணை போய்விடும் என்ற பயம். இவர்களுக்குக் கப்பல் கூலி போய்விடும் என்ற பயம்.

அப்படியானால் மகாநாடு என்பதே வீண்தானா என்று சிலர் கேட்கலாம். வீணல்ல. கதவைக் கொஞ்சமாவது திறந்துவைத்த சபையில் உண்மை நொண்டியாவது வந்து சேரும். முதல் மகாநாட்டுக்கு நாற்பத்தொரு வருஷம் கழித்து, 1892-ல் வெனிஸ் மகாநாட்டில் சூயஸ் வழியைப்பற்றி நடைமுறைக்கு உதவும் முதல் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1907-ல் பாரிஸில் நிரந்தரமான சர்வதேச சுகாதார அலுவலகம் ஒன்று நிறுவ உடன்பட்டார்கள். 1948-ல் உலக சுகாதார ஸ்தாபனம் பிறந்தது. யாரும் திரும்பிப் பாராத பசினியின் பேரைக்கூட, அவர் கிருமியைக் கண்டு 111 வருஷம் கழித்து, 1965-ல் அந்தக் கிருமியின் பேரோடு முறைப்படி சேர்த்தார்கள். அறிவாளிகளின் சபை தப்புச் செய்தால் தாமதித்தாவது திருத்திக்கொள்ளும். "எங்கள் சாஸ்திரத்தில் இது தப்பு, இதை அடித்துவிட்டோம்" என்று தீர்மானம் போட்ட புரோகிதர் மகாநாடு ஒன்றைக் காட்டமுடியுமா? ஆனால் அந்த நாற்பத்தொரு வருஷத் தாமதத்துக்குள் செத்தவர்களை எந்தத் திருத்தம் எழுப்பும்? அதனால்தான், மகாநாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நோய் யாருக்கோ, நாற்காலி அவர்களுக்கு என்கின்றோம்.

இதற்கு நம் நாட்டிலேயே ருஜு இருக்கின்றது. 1971-ல் வங்காள அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, போங்காவ் முகாமில் காலரா புகுந்தது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலநாபிஸ் எந்தச் சர்வதேச மகாநாட்டின் உத்தரவுக்கும் காத்திராமல், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாயில் நிரப்பி, நோயாளியின் தாயையும் தமையனையுமே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கிற்று. டாக்டர் செய்யவேண்டிய வேலையைத் தாய்மார்கள் செய்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. அந்த மருந்து இன்று உங்கள் அடுப்படியிலேயே இருக்கின்றது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. பேதி காண்கின்ற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று சொல்லும் கிழவிப் பேச்சைத் தள்ளிவிட்டு இதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். திருநீறு போட நிற்கும் நேரத்தில் உடம்பின் நீர் போய்விடும்.

தோழர்களே! 2022 ஜனவரியில் அரியலூருக்குச் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நம் பெண் பிள்ளைகள் அங்கே படித்து டாக்டராகின்றார்கள். சந்தோஷம். ஆனால் நோய் கண்டபின் பார்ப்பது ஆஸ்பத்திரி. நோய் காணாமல் பார்ப்பது ஊர். அதற்கு நீங்கள் பாரிஸுக்கோ ரோமாபுரிக்கோ போகவேண்டியதில்லை. வருஷத்தில் ஆறு நாள் உங்கள் ஊரிலேயே கிராம சபை கூடுகின்றது. அதில் ஒன்று மார்ச் 22. உலகத் தண்ணீர் தினம். அதுவே உங்கள் சர்வதேச வைத்திய மகாநாடு. அழைப்புக் கடிதம் வேண்டியதில்லை. ஓட்டுரிமை உள்ள ஒவ்வொருவரும் பிரதிநிதி.

அங்கே போய் நாலு கேள்வி கேளுங்கள். மேல்தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எந்தத் தேதி? குளோரின் போடுவது யார், எவ்வளவு? குடிநீர்க் குழாய் சாக்கடையைத் தாண்டும் இடம் எது, அங்கே உடைப்பு உண்டா? வரப்போகும் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் பணத்தில் எத்தனை பங்கு தண்ணீருக்கும் கக்கூசுக்கும்? இவற்றுக்குப் பதிலை வாயால் வாங்காமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். முதல் கேள்வியை, நாள்தோறும் குடம் தூக்கும் பெண்கள் கேட்கட்டும். சேரித் தெருவின் குழாயைப்பற்றிய கேள்வியைச் சேரியில் உள்ளவரே எழுந்து கேட்கட்டும். "பெரியவர்கள் பேசும் இடத்தில் உனக்கென்ன வேலை?" என்று யாராவது அதட்டினால், பயப்படாமல் ஒரே பதில் சொல்லுங்கள்: தண்ணீரைக் குடித்துச் சாகின்றவர்கள் நாங்கள், பேசவேண்டியவர்களும் நாங்களே.